முன்பாரம்

1

"நீ வர வேண்டாம்மா. அன்னைக்குக் காத்து பலமா இருக்கும்."

என் மகள் கயல் இதைச் சொன்னது ஜூன் மாதத்தில். அவள் சொன்ன 'அன்னைக்கு' என்பது செப்டம்பரில் வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று மாதம் கழித்து அடிக்கப்போகிற காற்றைப் பதினாறு வயதுப் பெண் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட்டாள். வானிலை அறிக்கை வாசிக்கிறவர்களுக்குக்கூட இந்தத் துணிச்சல் வராது.

விஷயம் இதுதான். நாங்கள் குடியிருப்பது நெதர்லாந்தின் வடகோடியில் ஒரு சின்ன ஊர். கடல் ஊருக்குள் வந்துவிடாதபடி மண்ணைக் குவித்து நீளமாக ஒரு கரை எழுப்பியிருக்கிறார்கள். டைக் என்பார்கள். நம் ஊர்க் கண்மாய்க்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை இன்னும் உயர்த்தி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை இழுத்துவிட்டால் அதுதான் டைக். அதன் மேல் மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. கயல் சேர்ந்திருக்கிற சைக்கிள் சங்கத்தில், கோடை விடுமுறை முடிந்ததும் பிள்ளைகளும் பெற்றோர்களும் சேர்ந்து அந்தக் கரைமேல் பக்கத்துத் துறைமுகம் வரை ஓட்டிப்போய், பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். முந்தின வருடங்களில் எனக்கு அந்த ஞாயிறு வேலையாகவே அமைந்தது. இந்த வருடம் விடுப்புக் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷச் செய்தியைச் சொன்னபோதுதான் கயல் காற்றைப் பற்றிப் பேசினாள்.

காற்று என்பது சும்மா. அவள் சொன்னது என் உடம்பை. நூறு கிலோவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்த ஊர்ப்பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்துப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லாரும் கொத்தவரங்காய் மாதிரி இருப்பார்கள். அவர்கள் நடுவில் இறுக்கமான சட்டை போட்டு நான் மிதிப்பதை நினைத்தால் என் மகளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது. அதை விழுங்கிக்கொண்டு தட்டுகளை எடுத்துவைத்தேன். ஆனால் மனசுக்குள் வேறொருத்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். காத்தா? எனக்கா? சுருளிப்பட்டியில் பிறந்தவளுக்கா காற்றைக் காட்டுகிறாய்?

2

இங்கே வந்த புதிதில் எல்லாரும் என்னிடம் கேட்ட கேள்வி, "உங்கள் ஊரில் காற்று உண்டா?" வெயில் நாட்டுக்காரி என்றால் வியர்வையிலேயே பிறந்து வளர்ந்திருப்பாள் என்று நினைப்பு. தேனியைத் தாண்டினால் காற்றாலைகள் வரிசையாக நிற்கும் என்று செல்போனில் படம் காட்டினேன். நம்பவில்லை. காற்றாலை என்றால் அது தங்கள் தாத்தா சொத்து என்று இருப்பவர்கள் இவர்கள்.

இந்த நாட்டில் குடியுரிமை வேண்டுமென்றால் மொழித் தேர்வு எழுத வேண்டும். பேச்சுத் தேர்வில் எதிரே மனிதர் இருக்க மாட்டார். கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும், நாம் மைக்கில் பதில் சொல்ல வேண்டும். "வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்? அதில் என்ன சிரமம்?" என்று கேட்டது. டச்சு மொழியில் கடினத்துக்கும் கனத்துக்கும் ஒரே சொல்தான், ஸ்வார். 'சைக்கிளில் போகிறேன், காற்றடித்தால் கடினமாக இருக்கும்' என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "சைக்கிளில் போகிறேன். காற்றடித்தால் நான் கனமாக இருப்பேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. நிறுத்தி, மறுபடி பேசலாம் என்றால் கம்ப்யூட்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. நான் தோற்றுவிட்டேன் என்றே வீட்டுக்கு வந்தேன். தேறிவிட்டதாகப் பதில் வந்தபோது என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "உண்மையைச் சொன்னதுக்கு மார்க் போட்டிருப்பாங்க" என்றார். அவர் சென்னைக்காரர். சைக்கிளும் ஓட்டமாட்டார், அதனால் அவருக்குப் பேச்சு ஜாஸ்தி.

ஆனால் அந்தப் பிழையான வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. காற்றடிக்கும்போது நான் கனமாக இருப்பேன், அதுதான் என் பலம். ஏற்றத்தில் என்னை யாரும் முந்திவிடலாம். பாலம் ஒன்றைப் பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதும் பாடுதான். பின்சக்கரக் கம்பிகள் இதுவரை எத்தனையோ முறை முறிந்து, இப்போது கடைக்காரர் சரக்கு வண்டிக்குப் போடுகிற தடித்த கம்பியாகக் கோத்துக்கொடுத்திருக்கிறார். எதிர்காற்று எனக்கும் எதிர்காற்றுதான். அகலமான ஆளுக்கு அது அகலமாகவே அடிக்கும். ஆனாலும் உருள ஆரம்பித்துவிட்டால் ஒரு வீச்சு வந்து மோதியதற்காக என் வண்டி நின்றுவிடாது. ஒல்லியானவர்கள் ஒவ்வொரு வீச்சுக்கும் தடுமாறி, மறுபடி வேகம் எடுத்து, மறுபடி தடுமாறி அலுத்துப்போவார்கள். பக்கக்காற்றில் அவர்கள் பாதையின் அந்த ஓரத்துக்கே போய்விடுவார்கள். நான் சின்ன கியரைப் போட்டு, முழங்கையை மடக்கி, தொளதொள சட்டையை இழுத்துக் கட்டி, அசையாமல் போய்க்கொண்டிருப்பேன்.

இதெல்லாம் இங்கே வந்து கற்றதில்லை.

3

என் சித்தப்பாவுக்கு வாழை இலை வியாபாரம். சுருளிப்பட்டியில் அறுத்த இலையைக் கட்டாகக் கட்டி, ஈரச்சாக்கு சுற்றி, சைக்கிள் கேரியரில் ஏற்றி விடிந்ததும் கம்பம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். ஆனி பிறந்தால் அவருக்குப் பிரச்சினை. மலைக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து மேகாத்து இறங்கும். இலைக்கட்டு அகலம் அதிகம். காற்று அதைப் பிடித்துக்கொண்டு வண்டியை வாய்க்கால் பக்கம் தள்ளும். பின்னால் பாரம், முன்னால் ஒன்றும் இல்லை. ஹேண்டில் பார் கையில் நிற்காது.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் தெரியும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். முன்பக்கம் யாரையாவது ஏறி உட்காரச் சொல்வார்கள். சித்தப்பா அந்தக் கணக்கைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"ஆத்தா ஈஸ்வரி, வந்து பார்ல ஏறு. நீ ஏறுனாத்தேன் இந்தச் சனியன் தரையில நிக்கும்."

அப்போது நான் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. அந்த வயதிலேயே நான் குண்டு. அம்மாவுக்கு அது ஒரு தீராத கவலை. இட்லியை எண்ணி வைப்பாள். பள்ளியில் எனக்கு அண்டா என்று பெயர். அப்படிப்பட்ட என்னை ஒருவர் தேடி வந்து, நீ இருந்தால்தான் ஆகும் என்று கூப்பிடுகிறார். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பாரில் ஏறி உட்கார்ந்தேன். முன்சக்கரம் அப்படியே அடங்கி நின்றது. சித்தப்பா, "இதுதேன் முன்பாரம்மா!" என்று சொல்லி மிதித்தார்.

காற்றுக்காலம் முழுக்க நான் முன்பாரம். எதிர்காற்று முதலில் என் முகத்தில்தான் அடிக்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையால் ஹேண்டில் பாரின் நடுவைப் பிடித்துக்கொண்டு, பின்னால் ஒரு பெரிய இலைக்கட்டையும் ஒரு மனிதரையும் நானே இழுத்துப் போகிறமாதிரி உட்கார்ந்திருப்பேன். மார்க்கெட்டில் இறக்கியதும் பருத்திப்பால் வாங்கித் தருவார். இன்னொரு டம்ளர் வேண்டுமா என்றும் கேட்பார். "கொறஞ்சுறாத ஆத்தா, ஆடி முடியட்டும்" என்பார். என்னிடம் குறையாதே என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பெரியவளானதும் நானே சைக்கிள் ஓட்டிக் கம்பத்துக்குப் படிக்கப் போனேன். தாவணியைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொண்டால் காற்று பிடிக்காது, சக்கரத்திலும் சிக்காது. என்னை அண்டா என்ற பிள்ளைகள் எல்லாம் ஆடி மாதத்தில் என் சக்கரத்துக்குப் பின்னால்தான் வருவார்கள். "ஏடி, வேகமாப் போகாத, எங்களுக்குக் காத்தடிக்குது" என்று கெஞ்சுவார்கள். கார்த்திகையில் மறுபடி அண்டா. அதனாலென்ன, ஆடி வராமலா போய்விடும்.

4

நெதர்லாந்தில் பள்ளி விடுமுறை வருவது நம் ஆடியில். அதனால் என் மகளுக்குத் தெரிந்த கம்பம் எப்போதும் காற்றடிக்கிற கம்பம்தான். இந்த வருடம் அவள் தன் பந்தய சைக்கிளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். விமான நிலையத்தில் சைக்கிள் பெட்டியை எடை போட்டார்கள், ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள், மறுபடி எடை போட்டார்கள், ஒரு கிலோ கூடுதல் என்று முகத்தைச் சுளித்தார்கள். பக்கத்தில் நின்ற என்னை ஒருவரும் எடை போடவில்லை. மதுரையில் இறங்கியதும், அது என்ன இயந்திரம் என்று ஓர் அதிகாரி பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். பார்த்துவிட்டு, "சைக்கிளா? இங்க கிடைக்காதா?" என்றார். கயலுக்கு மானம் போய்விட்டது.

கம்பத்தில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் மதினி என்னைக் கட்டிக்கொண்டு சொன்னாள். "வா ஈஸ்வரி. நல்லா ஒடம்பு வச்சுருக்கியே! அங்கன தண்ணி ஒத்துக்கிருச்சு போல."

கயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி ஒரு வார்த்தையை அவள் ஊரில் யாராவது சொன்னால் அப்புறம் பேச்சுவார்த்தை இருக்காது. அன்று சாயங்காலம் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தை உன்னைத் திட்டுனாகளா, பாராட்டுனாகளா?"

"பாராட்டுனாக."

"உனக்குக் கோவம் வரலையா?"

"இவுக சொன்னா வராது."

அவளுக்கு என் பதில் குத்தியது என்று தெரிந்தது. தெரியட்டும் என்றுதான் சொன்னேன்.

5

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வரை ஓட்டிவிட்டு வருகிறேன் என்று கயல் கிளம்பினாள். அவள் உச்சரிப்பில் அது ஏதோ ஐரோப்பிய ஊர்போல இருக்கும். மலைமேலிருந்து பெரிய குழாய்கள் இறங்குமே, மின்சார நிலையம், அதுவரை. அங்கிருந்து சாலை கேரளாவுக்கு ஏறிவிடும். போகும்போது முழுக்க எதிர்காற்று.

"தனியாப் போகாத, நானும் வாறேன்" என்றேன்.

"நீ எதுல வருவ?"

அண்ணன் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. கியர் கிடையாது. முன்னால் கூடை. எடுத்தேன். சுடிதார் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்தேன். கயல் தலைக்கவசம், கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு, என்னையும் கூடையையும் பார்த்தாள். சித்தப்பாவுக்கு வயதானாலும் வாய் அப்படியேதான் இருக்கிறது. தன் டிவிஎஸ் வண்டியை முறுக்கிக்கொண்டு, "நானும் வாறேன், வேடிக்கை பாக்கணும்ல" என்று பின்னால் வந்தார்.

கூடலூர் வரை தென்னையும் வீடுகளும் கொஞ்சம் மறைத்தன. கயல் எங்களை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டாள். கூடலூரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வெறும் திராட்சைக் கொடியும் வாழையும். அங்கே காற்று பிடித்துக்கொண்டது. டச்சுக்காற்று பலமானதுதான், ஆனால் ஒரே சீராக வரும்; சாய்ந்துகொண்டே போகலாம். நம் காற்று மலையில் மோதித் திரும்பி வருவது. ஒரு நிமிஷம் விடும், அடுத்த நிமிஷம் குத்தும். சாய்ந்துகொண்டு போனால் அது விட்ட நேரத்தில் நாமே சாய்ந்துவிடுவோம்.

ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஒன்று கயலைக் கடந்தது. ஜீப் மறைத்தவரை காற்றில்லை. ஜீப் நகர்ந்ததும் காற்று மொத்தமாக அவள்மேல் விழுந்தது. தூரத்திலிருந்தே பார்த்தேன், அவளும் சைக்கிளும் ஓரத்து மணலில் கிடந்தார்கள். எழுந்து நின்று மிதித்தேன். ஜீப் நின்று, உள்ளேயிருந்த பெண்கள் எட்டிப் பார்த்து, "மோளே, ஏதும் அடிபட்டுச்சா?" என்று மலையாளம் கலந்து சத்தம் போட்டார்கள். நான் போய்ச் சேரும்போது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

மறுபடி ஏறினாள். கொஞ்ச தூரத்தில் மறுபடி சாலை நடுவுக்குத் தள்ளப்பட்டாள். எதிரே லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது. இறங்கி நின்றுவிட்டாள். முகம் சிவந்திருந்தது. டச்சில்தான் வந்தது: "என்னால் முடியவில்லை."

சித்தப்பா வண்டியை நிறுத்திவிட்டு அவள் சைக்கிளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதுல என்னத்தா இருக்கு? எலைக்கட்டு கணக்கா இருக்கு. இந்தப் பிள்ளைக்கு முன்பாரமே இல்லையே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பழைய வீம்பும் வந்தது. கூடை சைக்கிளை அவளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என் பின்சக்கரத்த ஒட்டியே வா. நான் எந்தப் பக்கம் ஒதுங்குறேனோ அந்தப் பக்கம் நீயும் ஒதுங்கு. பிடியைத் தளர விடு."

அவள் தலையாட்டினாள். மிதித்தேன். கியர் இல்லாத வண்டியில் எதிர்காற்றில் முதல் நாலு மிதி எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, தொடை எரிந்தது. அப்புறம் உருண்டது. குத்து வந்தது, நான் நிற்கவில்லை. இன்னொன்று வந்தது, நிற்கவில்லை. மூச்சுச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. அது முதலில் திணறியது, பிறகு சீரானது. என் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் அளவுக்குக் காற்றில்லாத இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் என் மகள் இருந்தாள். அவ்வளவு பெருமையாக நான் எதற்கும் இருந்ததில்லை, குடியுரிமை வாங்கிய அன்றுகூட.

பக்கத்தில் டிவிஎஸ்ஸில் சித்தப்பா கத்திக்கொண்டே வந்தார். "அப்பிடித்தேன்! முன்பாரம்மா! இதுதேன் முன்பாரம்மா!"

லோயர் கேம்ப் டீக்கடையில் இறங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். கயல்தான் கேட்டாள்.

"சின்னத் தாத்தா எதுக்கு வழி முழுக்க 'முன் பாரம்மா, முன் பாரம்மா'ன்னு கத்துனாக? நீ முன்னாடி பாத்துக்கிட்டுத்தானே போன?"

சித்தப்பா டீயைத் துப்பிவிட்டார். கடைக்காரரும் சிரித்தார். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் அவளுக்கு வண்டிப் பாரத்தையும் இலைக்கட்டையும் சைக்கிள் பாரில் உட்கார்ந்த குண்டுப் பிள்ளையையும் பற்றிச் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள். டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது காற்று முதுகில். டச்சில் அதற்கு 'காற்று கூட' என்று பொருள்படும்படி சொல்வார்கள். கயல் அதை அப்படியே தமிழாக்கி, "இப்ப காத்து நம்ம கூட வருது" என்றாள். சித்தப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அந்தக் காற்றில் அவள் சைக்கிளில் பறந்துவிடலாம்; என்னைப் பத்து நிமிஷத்தில் மறந்துவிடலாம். கம்பம் வரை என் பக்கத்திலேயே வந்தாள்.

செப்டம்பரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கேட்டு வாங்குகிற மரியாதை எனக்கு வேண்டாம்.

6

நெதர்லாந்து திரும்பி, செப்டம்பரின் அந்த ஞாயிறு காலையில் சட்னிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கொட்டகையில் பம்ப் அடிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் கயல் உட்கார்ந்து காற்றடித்துக்கொண்டிருந்தது என் சைக்கிளுக்கு.

"பின்டயருக்குக் கொஞ்சம் அதிகமா வச்சிருக்கேன்" என்றாள், தலையைத் தூக்காமல். "சீக்கிரம் கெளம்பும்மா. லேட்டாகுது."

மிக்சியை மறுபடி ஓடவிட்டு, அது அரைத்து முடித்த பிறகும் நிறுத்தாமல் நின்றேன்.

ஜூனில் அவள் சொன்னது பலித்துவிட்டது. காற்று நிஜமாகவே பலமாக இருந்தது. கரைமேல் ஏறியதும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. பெற்றோர்கள் நல்ல நல்ல சைக்கிளில், நல்ல நல்ல சட்டையில், ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். பயிற்சியாளர் நிறுத்தி, திரும்பிவிடலாமா என்று யோசித்தார். கயல் அவரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், தயங்கினார், கையை நீட்டி வழிவிட்டார்.

நான் முன்னால் போனேன். சின்னவர்கள் என் பின்னால், அவர்கள் பின்னால் மற்றவர்கள், கடைசியில் அந்தக் கொத்தவரங்காய் அப்பாக்கள். யாரும் விழாமல் பார்த்துக்கொண்டு கயல் வரிசையின் பக்கத்தில் வந்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசை என் மிதிக்கு ஏற்ப நகர ஆரம்பித்தது. அப்போதுதான் அவள் கத்தினாள்.

"முன் பாரம்மா!"

பயிற்சியாளர் என்ன அர்த்தம் என்று கேட்டது காதில் விழுந்தது. அவள் டச்சில் சொன்ன பதிலும் விழுந்தது. "இரண்டு அர்த்தம் இருக்கிறது. ஒன்று, முன்னே பார் அம்மா. இன்னொன்று, முன்னால் போகிறது என் அம்மா."

சின்னப் பிள்ளைகளுக்குப் புதுச் சொல் கிடைத்துவிட்டது, விடுவார்களா? வாய்க்கு வந்தபடி வரிசை முழுக்கக் கத்த ஆரம்பித்தது. "முன் பாரம்மா! முன் பாரம்மா!"

நான் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் என் முகத்தை அவர்கள் பார்த்துவிடுவார்கள். அதோடு, நான் திரும்பினால் பிள்ளைகளுக்குக் காற்றடிக்கும்.